உடைந்த சட்டியின் சொந்தக்காரன்

பேரனின் கண்ணாடித் தொட்டியில் ஏழு மீன்கள். ஒன்று கல்லருகே நின்று மற்ற ஆறையும் விரட்டியதைப் பார்த்ததும் மனம் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஓடிவிட்டது. அங்கே எங்கள் சிமெண்டுத் தொட்டியில், உடைந்த சட்டிக்குள் குடியிருந்த பெரிய செப்பாட் மீன், தங்கை கமலத்தின் குட்டி மீனைக் கடித்து மூலையில் ஒடுக்கியிருந்தது. குட்டி தீனிக்கே வரவில்லை. செத்துவிடுமோ என்று பயந்தேன்.

"பெருச வாய்க்கால்ல விட்டுடலாம்" என்றேன்.

"போண்ணே! அப்புறம் அடுத்த பெருசு சட்டியப் பிடிச்சுக்கிட்டு கடிக்கும். சட்டியவே எடுத்துடுறேன்!"

எடுத்தாள். பெரியது எதைக் காப்பதென்று தெரியாமல் சும்மா சுற்றியது. குட்டி மெல்ல வந்து சோற்றுப் பருக்கையைக் கவ்வியது. இருவரும் கத்திக் குதித்தோம்!

இப்போது பேரன் கடைக்குப் போயிருக்கிறான். தொட்டிக்குள் இருக்கும் கல்லைப் பார்த்தபடி நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.