எங்களை முன்னேற்ற ஒரு ஜீப் வந்தது

முன்னேற்றப்படுவது லேசான தொழில் என்று நினைக்கிறவர்கள், ஜீப்பில் வந்து இறங்கும் ஒருவரிடம் ஒரு வருடமாவது முன்னேற்றப்பட்டுப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் கூடி நிற்க வேண்டும், பேச்சை நிறுத்தினால் கை தட்ட வேண்டும், கேட்டால் உடனே ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டும். ஜவ்வாது மலையில் நான் இந்தத் தொழில் பார்த்தது போன வருடம், பத்தாவது பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தபோது. மெட்ராஸிலிருந்து ஒரு பல்கலைக்கழகம், மலைப் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, இன்ஜினியரிங் பக்கம் இழுக்கத் திட்டம் போட்டிருந்தது. அடுத்த கோடை முடிந்ததும் ஐந்து பெண்களுக்குக் கீழே பாலிடெக்னிக்கில் இடம். அந்த ஐந்தில் ஒன்று எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு விளையாட்டு; இது மட்டும் இல்லை. உங்களையும் யாராவது முன்னேற்றியிருந்தால் மேலே படியுங்கள், ஆறுதலாக இருக்கும்.

ஒலிபெருக்கி ஆனேன்

முதல் நாள், திட்டத்தை நடத்த வந்த பேராசிரியர் ஜீப்புக்கு முன்னால் நின்று பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். கடைசி வார்த்தையை மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி தூக்கி நிறுத்துவார். "அன்பார்ந்த மலைவாழ் பெருமக்களே! அறிவியல் என்பது நம் வாழ்வோடு இரண்டறக் கலந்தது!" ஜனங்கள் அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் புளிய மரத்துக்குப் பின்னால் என் கூட்டாளிகளுக்கு அதே செருமலோடு இரண்டாவது பேராசிரியரைக் காட்டிக்கொண்டிருந்தேன். முதல் பேராசிரியர் நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை. இரண்டாமவர் மட்டும் பேசிக்கொண்டே போனார். எல்லோரும் திரும்பினார்கள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "இதையே உங்க ஊர்ப் பேச்சுல சொல்வியா, பூங்காவனம்?" என்று கேட்டார். என் பெயரை அதற்குள் யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான்தான் திட்டத்தின் வாய். அவர், "பெண் குழந்தைகளைத் தயங்காமல் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்" என்றார். நான் அவர் தொண்டையிலேயே, "பொண்ண அனுப்பாத வூடு எதுவோ, அங்க சார் ஒரு வாரம் தங்கி இதே மாரி பேசிக்கினு இருப்பாராம்" என்றேன். கூட்டத்தில் ஒரு கலக்கம். தன் கருத்து இவ்வளவு ஆழமாகப் போய்ச் சேர்ந்ததில் பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஊர்த் தலைவர் எழுந்து கும்பிட்டுச் சொன்னார்: "அனுப்பிடறோம் சார். மொதல்ல நீங்க கெளம்புங்க."

ரயில் கணக்கு

யாருக்குப் பொறியியல் மூளை இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். போளூரிலிருந்து ஒரு ரயில் கிளம்புகிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று, எப்போது சந்திக்கும்? வகுப்பில் பாதிப் பேர் ரயிலைப் பார்த்ததே இல்லை. "பூங்காவனம், ரயிலைக் கொஞ்சம் செஞ்சு காட்டும்மா" என்றார் பேராசிரியர். கரி வண்டி, அதன் ஊதல், பாலத்தின் மேல் அது போகிற சத்தம், கூடவே முறுக்கு விற்கிறவர் என்று ஒன்று விடாமல் செய்தேன். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டார்கள். பரீட்சை நேரம் முழுக்க ரயில் ஓடியது, யாரும் பேனாவைத் தொடவில்லை.

கடைசியில், கணக்கில் கெட்டியான சின்னப்பொண்ணுவை எழுப்பி விடை கேட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "எப்ப சந்திச்சா இன்னா சார், ரெண்டும் நம்ம மலைக்கு வராதே?"

போட்டோவுக்கு ஸ்பேனர்

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கக் குழு வந்தது. பெண்கள் இயந்திரத்தோடு நிற்கிற படம் வேண்டுமாம். எங்கள் மலையில் அன்றைக்கு இருந்த ஒரே இயந்திரம் ஜீப். டிரைவர் பாஷா பாய், "நல்லா ஓடற வண்டில கைய வெக்காதீங்க சார்" என்று கெஞ்சினார். போட்டோக்காரர் கேட்கவில்லை, எதையாவது கழற்றினால்தான் இயல்பாக இருக்குமாம். நான்கு பெண்கள், ஒரே ஸ்பேனர். கை மாற்றி மாற்றிப் பிடித்து நாட்டை முன்னேற்றினோம்.

குழுவில் ஒரு அம்மையார், பட்டுச் சேலை. என்னைப் பார்த்து, "நீ என்னம்மா ஆகணும்?" என்றார். பாலிடெக்னிக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரம் பார்த்து பேராசிரியர் பக்கத்தில் தொண்டையைச் செருமினார். என் வாய் கெட்ட வாய். "வாய்ப்பு மட்டும் அளித்துப் பாருங்கள்! இவர்கள் சாதித்துக் காட்டுவார்கள்!" என்று அவர் குரலிலேயே ஒரு மூட்டையைத் தூக்கி ஏற்றினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். கிளம்பும்போது ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. படத்தில் இருந்த நாங்களே பின்னால் நின்று தள்ளினோம். உள்ளே இருந்து அம்மையாரின் குரல் நன்றாகக் கேட்டது: "அந்தப் பொண்ணு உங்களுக்குக் கெடச்ச பொக்கிஷம் சார். எங்கயும் அனுப்பிடாதீங்க, இங்கயே வெச்சுக்குங்க!"

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தள்ளினேன்.

அறுப்புக்கு வந்த பேராசிரியர்

சாமை முற்றியதும் வகுப்பு காலி. எங்களிடம் ஆள் மாற்று என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு நான் உன் கொல்லையில் குனிந்தால், நாளைக்கு நீ என் கொல்லையில் குனிய வேண்டும். அறுப்புக்கு அறுப்பு, களைக்குக் களை. வாங்கிக்கொண்டு திருப்பாதவன் பக்கம் அப்புறம் யாரும் போக மாட்டார்கள். பேராசிரியர் என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிள்ளை கேட்டு வந்தார். எங்கம்மா குரல் எதிர்மலைக்கும் கேட்கும். "பொண்ணு ஒரு நாள் உங்க க்ளாசுல குந்தினா, நீங்க ஒரு நாள் எங்க கொல்லைல குனியணும் சார்" என்றாள். வகுப்பில் தலை இல்லாவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே, ஒத்துக்கொண்டார்.

மறுநாள் ஷூவைக் கழற்றச் சொல்லி, அவரையும் அவரோடு வந்திருந்த இரண்டு லெக்சரர்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். பேராசிரியர் அரிவாளின் வளைவு பற்றி விளக்க ஆரம்பித்தார். வரிசை நகர்ந்து போய்விட்டது. அவரும் வளைவும் மட்டும் கொல்லை நடுவில் நின்றார்கள். பொழுது சாய்கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம் எங்கம்மா சொன்னாள்: "நீங்க செஞ்சதுக்கு அர நாள் அனுப்பறேன் சார். முழு நாள் கேக்காதீங்க, மனசாட்சின்னு ஒண்ணு இருக்குது."

ஐந்தாவது இடம்

பெயர் வாசிக்கிற நாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியது. சின்னப்பொண்ணு, அப்புறம் மூன்று பேர். ஐந்தாவதுக்கு வந்ததும் பேராசிரியர் செருமினார். "பூங்காவனத்தின் சேவை இங்கேதான் தேவை. ஐந்தாவது இடத்தைப் பிறகு பார்க்கலாம்." சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும்படி எனக்கே கையைக் காட்டினார்.

என் வாயில் அன்றைக்கு யார் குரலும் வரவில்லை. "இன்னாடி சொல்றாரு? சொல்லேன்" என்றாள் எங்கம்மா. "என்ன இட்டுக்கினு போவலியாம்மா" என்றேன். அது என் சொந்தக் குரல்தான். எனக்கே புதுசாக இருந்தது.

எங்கம்மா எழுந்தாள். "சார், இவ ஒரு வருசமா உங்களுக்காவப் பேசிக்கினு கெடந்தா. திருப்பணுமா வேணாமா? இனிமே இவ குந்துவா, நீங்க பேசுங்க."

"நான் பேசினா இவங்களுக்குப் புரியாதேம்மா."

"அறுக்கத் தெரிஞ்சா எங்க கொல்லைக்கு வந்தீங்க?"

ஊர்த் தலைவர், "மொறைதானே" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். திருப்பாதவரிடம் பெண்ணை எப்படி விடுவது? நான்கு தாய்மார்களும் தங்கள் பெண்களைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். பேராசிரியர் பார்த்தார், ஐந்துக்குப் பதில் நான்கு என்று நினைத்திருந்தது ஒன்றுமில்லை என்று ஆகப் போகிறது. பாஷா பாயிடம் பேனா வாங்கி ஐந்தாவதாக என் பெயரை எழுதினார்.

அதை ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமே. பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான் தரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அவர் மூன்று தரம் செருமினார். "இன்னா... அஞ்சு பொண்ணுங்களும்... போவுதுங்க..." காதெல்லாம் சிவந்துவிட்டது. மைதானம் சிரித்து உருண்டது. எங்கம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "வெக்கப்படாம பேசுங்க சார், பழகிடும்."

மொத்தத்தில், எங்களைச் சேர்த்துக்கொள்ள வந்த திட்டத்தை நாங்கள் எங்களோடு சேர்த்துக்கொள்ளத்தான் ஒரு வருடம் ஆனது.