பாதி கறுப்படித்த விளக்கு

கலைக்கூடத்தின் இருட்டறையில், மேல்பாதி கறுப்படித்த கார் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுபத்தொன்றுப் போரின்போது தில்லியில் கார் விளக்குகளுக்கெல்லாம் இப்படித்தான் கறுப்படித்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து, மாலைக்குமேல் தெருவில் வேறு வெளிச்சமே கூடாது.

ஊரிலிருந்து புதிதாக வந்த சித்தப்பா, சரோஜினி நகரில் எங்கள் வீட்டு எண்ணைப் பார்க்க டார்ச் அடித்தார். ஒற்றன் என்று நினைத்துத் தெருக்காரர்கள் கம்புகளோடு சூழ்ந்துகொண்டார்கள். "அடிக்காதீங்கய்யா, அண்ணன் வீட்டுக்கு வந்தேன்" என்று தமிழில் கதறக் கதற அடி விழுந்தது.

அப்பா வராந்தா விளக்கைப் போட்டார். "பத்தி பந்த் கரோ", விளக்கை அணை என்று கத்தியபடி எங்கள்மேல் கல்லெறிந்தார்கள். நெற்றியில் ரத்தம் வழிய யாரும் அணைத்துவிடாதபடி ஸ்விட்சை மறைத்து நின்று, "முகத்தைப் பாருங்க, என் தம்பி" என்று இந்தியில் கத்தினார் அப்பா. முதலில் கம்பைக் கீழே போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். சித்தப்பாவுக்கு அதற்குள் ஒரு கண் போயிருந்தது.

"எப்படி இருக்கு அங்கிள்?" என்றாள் அந்த விளக்கைக் காட்சிக்கு அமைத்த பெண். அறை விளக்கைப் போட என் கை சுவரில் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தது.