புதன்கிழமை நாலு மணி ஆட்டம்

ஒரியெட்டா இருபத்தொன்பது வருஷம் வால்பரைசோ துறைமுக ஊரில் குன்றேறும் விஞ்ச் வண்டிக்குச் சீட்டுக் கொடுத்தவள். சீட்டுக் கூண்டுக்குள் சில்லறைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகை எப்போதும் விரிந்திருக்கும். காலையில் இறங்கிப் போகிறவர்கள் ஒரு காயை நகர்த்திவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஏறி வரும்போது அவளுடைய பதில் காத்திருக்கும். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் மிர்தா அப்படித்தான் பழக்கமானாள். எத்தனையோ பேரை ஜெயித்த ஒரியெட்டாவால் மிர்தாவை மட்டும் லேசில் ஜெயிக்க முடிந்ததில்லை.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆடினார்கள். பிறகு மிர்தாவின் மகன் அவளைத் தெற்குக் கோடிக்கு, புன்டா அரேனாஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆட்டம் போனுக்கு மாறியது. அந்த வருஷமே ஒரியெட்டாவுக்குப் பார்க்கின்சன் நடுக்குவாதம் என்றார் டாக்டர். போன் திரையில் ஒரு கட்டத்தைத் தொடப் போனால் விரல் நாலு கட்டத்தைத் தொட்டது.

அதைப் பார்த்துப் பொறுக்காமல் அவள் புருஷன் அபெலார்டோ ஒரு மின்சாரப் பலகை வாங்கி வந்தான். அசல் மரக்காய்கள். காயைத் தூக்கி வைத்தால் போதும், பலகையே அதை அறிந்து மிர்தாவுக்கு அனுப்பிவிடும். அங்கே அவள் ஆடியதும் இங்கே இரண்டு கட்டங்களில் சிவப்பு விளக்கு எரியும்: எங்கிருந்து, எங்கே என்று. எதிராளியின் காயையும் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சில மாதங்கள் நன்றாகவே போயிற்று. மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை மிர்தாவின் ராணி வசமாக மாட்டிக்கொண்டது. மந்திரியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் போதும். ஒரியெட்டா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மந்திரியைத் தூக்கினாள். கை ஒரு வெட்டு வெட்டியது. மந்திரி அந்தக் கட்டத்தையும் தாண்டி அடுத்த கட்டத்தில் போய் நின்றது. பலகை 'கீச்' என்றது. போய்விட்டது.

உடனே போன் அடித்தது.

"அடியே, அது கை தவறினதுதானே? திரும்ப எடுத்துக்கோ. நான் சரின்னு அழுத்தறேன்."

"வேண்டாம்."

"கிறுக்கு மாதிரி பேசாதே. என் ராணியக் கொன்னிருப்பே."

"வெச்சா வெச்சதுதான். நீதானே சொல்லிக்குடுத்தே, ராட்சசி. ஆடு."

தோற்றாள். அன்று ரொட்டியைத் தொடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து காய்களை அபெலார்டோ நகர்த்தினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சதுரங்கத்தில் அவனுக்குக் கட்டங்களின் எழுத்தும் எண்ணும்தான் தெரியும்; அவர்கள் பாஷையில் பி 'பே', டி 'தே'. "பே நாலு" என்பாள், தேடிப் பிடித்து வைப்பான். ஆனால் அவள் குரலும் தேய ஆரம்பித்திருந்தது; மிர்தாவுக்கு அது தெரியாது.

"குதிரை, பே அஞ்சு" என்றாள் ஒருநாள்.

"தே அஞ்சா? சரி."

"இல்ல, இல்ல கிழவா..."

அவன் காதில் விழுவதற்குள் குதிரை இறங்கிவிட்டது. பலகை கீச்சென்றது.

"ஐயோ, தப்பா வெச்சுட்டேனா? சத்தமாச் சொல்லக் கூடாதா கிழவி?"

சத்தமாகத்தான் சொன்னாள். அவளுக்குள்ளே அது கத்தலாகவே கேட்டது.

ஆட்டம் அதோடு சரிந்தது. கடைசியில் அவள் ராஜாவுக்குப் பக்கத்தில் விளக்கு மின்னியது. மிர்தா செக் வைத்துவிட்டாள், தப்ப வழியில்லை. அபெலார்டோ ரொட்டி வாங்கக் கீழே இறங்கியிருந்தான். போன் அடித்தது. இரண்டு கையாலும் அழுத்தி எடுத்தாள்.

"என்னடி, குதிரைய எதுக்கு அங்க வெச்சே? சும்மா விட்டுக்குடுக்கறியா?"

ஒரியெட்டா வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"ஒரியெட்டா? ...கோவமா? எங்கிட்டப் பேசக்கூட மாட்டியா?"

பேசத்தான் பார்த்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெயரையாவது சொல்லிவிடப் பார்த்தாள்.

"சரி, போ. நானும் பேசல" என்று மிர்தா வைத்துவிட்டாள்.

அபெலார்டோ திரும்பியபோது ஒரியெட்டா போனை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தை அவள் சொல்லி முடிக்கவும் அவன் புரிந்துகொள்ளவும் வெகுநேரம் ஆயிற்று. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்ததே தவிர மிர்தா எடுக்கவில்லை. ஒரியெட்டாவுக்குக் குரல் வரவில்லை என்று அவளுடைய மகனுக்குச் செய்தி எழுதி அனுப்பினான். ஒரு வாரமாகப் பதிலே இல்லை.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்குப் பலகையை மட்டும் போட்டு வைத்தார்கள். நாலேகால் ஆயிற்று. "வரமாட்டா, எடுத்து வெச்சிரட்டுமா?" என்றான் அபெலார்டோ. அவள் பலகை மேல் கையை வைத்துக்கொண்டாள். நாலரைக்கு மிர்தாவின் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயின் கீழேயும் அதற்கு எதிரேயும் விளக்கு எரிந்தது.

அபெலார்டோ மிர்தாவின் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். பிறகு குனிந்து, மனைவியின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.