உப்பும் வெயிலும் ஆற்றாத புண்

என் வலது காதின் மேல் விளிம்பில் ஒரு புண் வந்தது. 1997 கடைசியில். மாதக்கணக்காக ஆறவில்லை. அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி மீட்டு எடுத்தார் என்று சாட்சி சொல்லத்தான் இந்தக் கோயிலில் எழும்பி நிற்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெயர் திரேசம்மா. முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போடுகிறவள். பிறவியிலேயே என் தோலில் நிறமில்லை, தலைமயிரும் வெள்ளை. ஊரில் எனக்கு 'வெள்ளைக்காரி' என்றுதான் பட்டம். வெயிலில் நின்றால் தோல் சிவந்து உரியும். ஆனால் மீனைக் கீறி, உப்புப் போட்டு, மணலில் பரப்பிக் காயவைக்கிறவளுக்கு வேறு எங்கே வேலை?

புண்ணுக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்தேன். சிரிக்காதீர்கள்! ஈரமான எதையும் உப்பும் வெயிலும் காயவைக்கும் என்பதுதான் எங்கள் கரையின் நினைப்பு. கடல்தண்ணீரால் கழுவி, தலைச்சீலையை விலக்கி, காதை உச்சிவெயிலுக்குக் காட்டிக்கொண்டு இருப்பேன். பொருக்குக் கட்டும். சந்தோசப்படுவேன். பிறகு பொருக்கு விழுந்து இரத்தம் கசியும். ஒவ்வொரு தடவையும் புண் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் வந்தது. அந்த எரிவையே தபசாக ஒப்புக்கொடுத்து, புண்ணைக் காயவையும் என்று மாதாவிடம் மன்றாடினேன். காயவில்லை. பயந்துபோனேன். என் மகள் ஜசிந்தா தகப்பனில்லாத பிள்ளை. நானும் செத்தால் அவளுக்கு ஆர்? ஒருநாள் கோயிலில் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சண்டை பிடித்தேன். "உங்களுக்குக் காது கேக்கேல்லையோ? எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்கோவன்!"

மாதாவோடு சண்டை பிடித்தால் கோயில் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் அல்லவா? போனேன். ஏன் சண்டை என்று சுவாமி கேட்டார். என் வெயில் தபசைச் சொன்னேன். வெளியே வந்ததும் காதைக் காட்டச் சொன்னார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆர் பிள்ளை உம்மட்டை இந்தத் தபசைக் கேட்டது? முதல் அதை மூடும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போம்."

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் வெயிலில் காயவைத்த கதையைச் சொன்னேன்.

"ஐயோ அம்மா, இதைக் கொண்டுவந்ததே வெயிலா இருக்கலாம். மற்ற ஆக்களின்ரை தோலிலை இருக்கிற கறுப்பு வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். உங்களுக்கு அது இல்லை. சின்னனிலையிருந்து பட்ட வெயில் சேர்ந்து புற்றுநோயா மாறியிருக்கலாம். சிலபேருக்கு ஆறாத பழைய எரிகாயத்திலையும் வாறது. வெட்டிச் சோதிச்சால்தான் நிச்சயம். ஆனா கெதியா வெட்டவேணும்."

அங்கே வெட்ட ஆளில்லை. யுத்தத்தால் வவுனியாவுக்குப் பாதை பூட்டு. வெளியே போக ஆமி தருகிற பாஸ் எப்போது கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு என் செபம் மாறியது. புண்ணைக் காயவையும் என்று கேட்கவில்லை. வெட்டுகிற கையை அனுப்பும் என்று அழுதழுது கேட்டேன்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்பே, நிவாரண வாகனங்களோடு ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் வன்னிக்குள் வந்தார். கொஞ்ச நாளைக்குத்தான் வந்தவர். டொக்டர் என்னை மறக்காமல் கோயிலுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். காதின் மேல்பாதியை வெட்டி எடுத்தார்கள். வெட்டின துண்டு கொழும்புக்குப் போய்ச் சோதனை மறுமொழி வரக் கனநாள் எடுத்தது. புற்றுநோய்தான், ஆனால் முழுதாக வெட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். ஆண்டவருக்கு நன்றி. இந்த 2001 வரை அது திரும்பி வரவில்லை.

இப்போது கொட்டிலுக்குள் நிழலில் இருந்துதான் மீன் கீறுகிறேன். காயப்போடுகிற வேலையை மற்றப் பெண்கள் பார்க்கிறார்கள். வெளியே போனால் நீளக்கை உடுப்பும் பெரிய ஓலைத் தொப்பியும். "வெள்ளைக்காரி தொப்பியும் போட்டிட்டா, இனி இங்கிலீசுதான்!" என்று பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும்.

சகோதரங்களே, மன்றாடுங்கள், நம்புங்கள். ஆனால் ஆறாத புண்ணுக்கு நீங்களே வைத்தியம் செய்துகொண்டு மன்றாடாதீர்கள். டொக்டரிடம் காட்டிவிட்டு மன்றாடுங்கள். என்னைப் போல நிறமில்லாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் வெயிலுக்கு விடாதீர்கள்.

போன மாதம் ஜசிந்தாவின் கலியாணம். படம் எடுக்க வந்தவர் என் காதைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "அம்மா, மற்றப் பக்கமாத் திரும்புங்கோ" என்றார்.

"தெரியட்டும் தம்பி," என்றேன். "அது போனபடியால்தான் நான் இந்தப் படத்திலை நிக்கிறன்."