கட்டத்தில் வராத நெட்டை

நெட்டைக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மின்வாரிய அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கும் வேலை. ஒரு மீட்டர் சுற்றி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவாள். நான்கு மணி அடித்தால் பின்கட்டுக் கூடைப்பந்து மைதானத்தில் நிற்பாள். எங்களை வேலைக்கு எடுத்ததே ஆட்டத்துக்காகத்தான். வருடா வருடம் பன்னிரண்டு பேர் பட்டியல் வரும். பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அவள் வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். புருஷனுக்கு முதுகெலும்பு போய் இரண்டு வருடமாகிறது.

ஆறு வருடம் நான் பாஸ் கொடுத்தேன், அவள் கூடையில் போட்டாள். ஆட்டத்துக்கு இருபது பாயின்ட் அவளுக்குச் சர்வசாதாரணம். பிறகு என் முட்டி மக்கர் பண்ணியது. என்னை மேஜையில் உட்காரவைத்து ஸ்கோர் தாளைக் கையில் கொடுத்தார்கள். என் இடத்துக்குப் 'பட்டாசு' வந்தாள். பந்து கைக்கு வந்தால் தானே போடுவாள், யாரையும் பார்க்கமாட்டாள்.

கோச் நெட்டையிடம் சொல்லிவிட்டார்: "நீ இனிமே ஷூட் பண்ண வேணாம். பட்டாசைத் துரத்துறவ வழியில மரம் மாதிரி நில்லு. அது போதும்."

நின்றாள். அவள் பாயின்ட் நான்கானது, இரண்டானது, ஒருநாள் பூஜ்யமும் ஆனது. எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்? நான் இல்லாமல் இவள் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியலுக்கு முந்தைய கடைசி ஆட்டம். பட்டியல் போடும் அதிகாரி மைதானத்துப் பக்கமே வராதவர். என் தாளைத்தான் பார்ப்பார். தாளில் பாயின்டுக்குக் கட்டம் உண்டு, பாஸுக்கு உண்டு, ஃபவுலுக்கும் உண்டு. வழியில் நிற்பதற்குக் கட்டம் கிடையாது.

இடைவேளையில் நெட்டை மேஜைக்கு ஓடிவந்தாள். "எனக்கு எவ்ளோடி?"

"ரெண்டு."

"அவ்ளோதானா? செத்தேன் போ."

திரும்பப் போனவள் வழியில் நிற்கவில்லை. தானே பந்தை வாங்கி வாங்கி எறிந்தாள். நான்கும் வெளியே. அந்தப் பக்கம் பட்டாசை இரண்டு பேர் அமுக்கிவிட்டார்கள். பதினொன்றாக இருந்த முன்னிலை ஒன்றுக்கு வந்தது.

"அக்கா, நீங்க நின்னாதானே எனக்கு வழி!" என்று பட்டாசு கத்தினாள். அழுகிற குரல்.

நெட்டை என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு போய் நின்றாள். எதிராளி வந்து நெஞ்சில் மோத, நெட்டை விழுந்தாள், எழுந்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். பட்டாசு பறந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பாஸுக்கு முன்னாலும் இவள் ஒரு நொடி இப்படித்தான் நிற்பாள். என்னை மறிக்க வருபவள் இவள் மேல் முட்டிக்கொள்வாள், பிறகுதான் இவள் திரும்பிக் கூடைக்கு ஓடுவாள். ஆறு வருடமும் அதை என் கைராசி என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஆறு பாயின்டில் ஜெயித்தோம். நெட்டையின் கட்டத்தில் இரண்டுதான்.

மறுநாள் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "பதினொரு பேர் முடிவாயிடுச்சு. கடைசி இடம் உங்களுக்குத்தான். முட்டி அடுத்த சீசனுக்குள்ள சரியாயிடும்ல? ஆறு வருஷத்துல உங்க பாஸ் கணக்கு மாதிரி யாருக்கும் இல்ல."

"அப்ப நெட்டை?"

"ரெண்டு பாயின்டும்மா. மேலிடத்துக்கு என்னத்தைச் சொல்ல?"

"சார், அந்தப் பாஸ் எல்லாம் அவ மறிச்சு நின்னு வழி பண்ணிக் குடுத்ததால போனது. நேத்து ஜெயிச்சதும் அவ நின்னதாலதான். அவளை விட்டுட்டீங்கன்னா பட்டாசுக்கும் பாயின்ட் வராது."

அவர் பேனாவைத் திருகினார். "இடம் ஒண்ணுதான். அவசரப்படாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் என் சம்பளம் மட்டும்தான்.

"அவ பேரை எழுதுங்க சார்."

எழுத ஆரம்பித்தார். பாய்ந்து அந்தப் பேனாவைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவர் எழுதி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.