எதிர் வரிசைக் கால்கள்

எழுபதுகளில், தமிழும் மலையாளமும் கலந்த எல்லை மலையில், சக்குபள்ளம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சராகச் சேர்ந்தபோது நல்ல மழைக்காலம். அங்கே ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். தொப்பை, முறுக்கு மீசை, கழுத்தில் விசிலோடு சேர்ந்து தொங்கும் ஒரு உப்புப் பொட்டலம்.

ஏலத்தோட்டம் வழியாக நடந்து வரும் பிள்ளைகளின் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறியிருக்கும்; உப்பு பட்டால்தான் பிடியை விடும். பிரேயருக்கு முன்னால் தமிழ் டிவிஷனையும் மலையாள டிவிஷனையும் எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கொரு சிட்டிகை உப்பு கொடுத்து விசில் ஊதுவார். எதிரே நிற்பவன் காலில் இருக்கும் அட்டையைத்தான் எடுக்க வேண்டும். தன் காலைத் தொடவே கூடாது.

"அவனவன் காலை அவனவன் பாத்துக்கிட்டா சீக்கிரம் முடியுமே சார்?" என்றேன்.

"முடியும் டீச்சர். ஆனா சாயங்காலம் ரெண்டு டிவிஷனும் கிரவுண்டுல மண்டைய உடைச்சுக்கிடுவானுக. காலையில அட்டை எடுத்துவிட்டவன எப்படி அடிக்க மனசு வரும்?"

சொல்லிக்கொண்டிருந்தவர் என் கணுக்காலைப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். இரண்டு வரிசையிலிருந்தும் பிள்ளைகள் உப்போடு பாய்ந்து வந்தார்கள். நான் போட்ட அலறலில், அன்று பிரேயர் சிரிப்பும் பாட்டுமாகத்தான் முடிந்தது.

இப்போதும் மழைநாளில் யாராவது முறைத்துக்கொண்டு எதிரே வந்தால், என் கண் அவர் முகத்தை விட்டுவிட்டுக் காலுக்குப் போய்விடுகிறது.