செல்வராணி வீட்டுக் கொல்லையில் கிடந்த இறகு

ரெங்கராஜ் மகன் அழகுமலை, வல்லத்திராக்கோட்டை (1949–2024). நாட்டுக்கோழி வியாபாரி. சைக்கிளில் கூடை கட்டி ஊர் ஊராகச் சென்று கோழி வாங்கி, புதுக்கோட்டையில் விற்று வந்தார். ஓர் இறகைக் கையில் கொடுத்தால் சேவலா பெட்டையா, என்ன வயது என்று சொல்லிவிடுவார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயரே அவருடைய தங்கையை அவரிடமிருந்து பிரித்தது.

தங்கை செல்வராணி வாழ்க்கைப்பட்டது எதிர்வீட்டில். தாய் இறந்தபோது அவர் சிறு குழந்தை. சோறு ஊட்டி வளர்த்தவர் அழகுமலை.

2018 சித்திரையில், அழகுமலையின் மனைவி பொன்னுத்தாய் அய்யனாருக்கு நேர்ந்துவிட்டிருந்த செவலைச் சேவல் காணாமற்போயிற்று. தேடிச் சென்றவர்கள் செல்வராணி வீட்டுக் கொல்லையில், விறகுக் குவியலின் ஓரம், ஒரு செந்நிற இறகைக் கண்டெடுத்தனர். அழகுமலை அதை ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

“நம்ம செவலையோட எறகுதான்.”

“சாமிக்கு முந்தித் தங்கச்சிக்குப் படையலாயிருச்சுப்பா!” என்றார் கூட்டத்தில் நின்ற மலையாண்டி. எல்லாரும் சிரித்தனர்.

“நான் எடுக்கலண்ணே” என்றார் செல்வராணி.

“அப்ப இது எப்படி இங்கிட்டு வந்துச்சு?” என்று கேட்டார் அண்ணன்.

அன்றோடு செல்வராணி அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். சேவல் என்ன ஆயிற்று என்பது இன்றுவரை தெரியவில்லை.

அந்த இறகை அழகுமலை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஈராண்டு கழித்து, திருமயம் சாலையில் பேருந்தில் அடிபட்டுக் கிடந்த செம்போத்து ஒன்றை ஓரமாக ஒதுக்கக் குனிந்தார். தூக்கியதும் இறக்கை விரிந்தது. அதிலிருந்து ஓர் இறகை வீட்டுக்குக் கொண்டுவந்து பழையதன் அருகில் வைத்தார். இரண்டிலும் தண்டின் இருபுறமும் ஒரே செம்மை. செவலைச் சேவலின் இறக்கை இறகிலோ வெளிப்புறந்தான் சிவப்பு, உட்புறம் கறுத்திருக்கும். இதை அவர் அறியாதவரல்லர். கோழிகளையே பார்த்துப் பழகிய கண் அன்று வேறொரு பறவையை நினைக்கவில்லை.

இரண்டு இறகுகளையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார்.

“ஆத்தா, இது செம்போத்து எறகு. நீ எடுக்கல.”

செல்வராணி புடைத்துக்கொண்டிருந்த முறத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. “எறகு சொன்னாத்தான் நம்புவியாண்ணே? நான் சொன்னப்ப எங்க போன?”

அழகுமலை இரண்டு இறகுகளோடும் வீடு திரும்பினார். அதன்பின் யார் இறகு கொண்டுவந்தாலும் கையில் வாங்க மறுத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார். செல்வராணியின் மகன் அருள்தாஸ் வாசலில் வாங்கிக்கொள்வார். செல்வராணி வெளியே வந்ததில்லை.

2024 மாசியில் அழகுமலை காலமானார். “கடைசியா அண்ணன் வந்தப்பக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். கை தாழ்ப்பாள்ல இருந்துச்சுங்க” என்று செல்வராணி பின்னர் என்னிடம் சொன்னார். திறக்கவில்லை.

கரும்பையும் பானையையும் வாசலில் வைத்து, இறகைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், “நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும், ஆத்தா” என்று மூடிய கதவை நோக்கிச் சொல்லிவிட்டு அழகுமலை திரும்பியது 2024 ஜனவரி 13.